மல்டிபைபர் துணியைக் கொண்டு சாயத்தையும் சாயநிலைப்பையும் சோதித்தல்: மலையகப் பட்டறைகளுக்கான வழிகாட்டி

சிவப்புச் சாரத்தையும் பிள்ளைகளின் வெள்ளைப் பாடசாலைச் சீருடையையும் ஒரே வாளியில் ஊறவைத்தால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அதே வாளியில் கிடந்த அக்ரிலிக் ஸ்வெட்டர் கறைபடாமல் வெளியே வருவதும், நைலோன் காலுறை மட்டும் சீருடையைவிட அடர்த்தியாகச் சிவந்துபோவதும் ஏன் என்று கேட்டால், துணியோடு நாளாந்தம் பழகுகிறவர்களிலும் பலர் தயங்குவர். ஒரு துணி சாயம் விடுகிறதா என்று பார்ப்பதோடு, விட்ட சாயம் எந்த இழையில் போய் ஒட்டுகிறது என்றும் பார்த்தால், அந்தச் சாயம் எந்த வகையைச் சேர்ந்தது, சாயமிடுதலில் எந்தப் படியில் குறை நேர்ந்தது என்பவற்றையும் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். இதற்கென்றே நெய்யப்படுவதுதான் பல்லிழைச் சோதனைத் துணி. ஆடைத் தொழிற்சாலைகளிலும் ஆய்வகங்களிலும் மல்டிபைபர் என்றால்தான் புரியும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கண்டியைச் சுற்றிய பத்திக் பட்டறைகளிலும் சிறிய அளவில் சாயமிடுவோர், பெரிய ஆய்வகம் இல்லாமலே இத்துணியை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

மல்டிபைபர் என்பது வெவ்வேறு இழைகளாலான வெண்ணிறப் பட்டைகள் பக்கம் பக்கமாக அமையும்படி நெய்யப்பட்ட ஒரே துணியாகும். சாயநிலைப்பை, அதாவது சாயம் கழலாமல் நிற்கும் தன்மையைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரக்கட்டளையான ஐ.எஸ்.ஓ. 105 இன் எஃப்10 பகுதி இதன் இரு வகைகளை வரையறுக்கிறது. டீ.டபிள்யூ. எனப்படும் முதல் வகையில் அசிடேட், வெளுத்த பருத்தி, நைலோன், பொலியெஸ்டர், அக்ரிலிக், கம்பளி என்ற ஆறு பட்டைகள் இதே ஒழுங்கில் இருக்கும். டீ.வீ. எனப்படும் இரண்டாவது வகையில் அசிடேட்டின் இடத்தில் டிரைஅசிடேட்டும் கம்பளியின் இடத்தில் விஸ்கோசும் வரும். அமெரிக்க முறையைப் பின்பற்றும் வாங்குநர்கள் கேட்கும் 10ஆம் இலக்கத் துணியும் டீ.டபிள்யூ. போன்ற அதே ஆறு இழைகளைக் கொண்டதே. அவர்களது 1ஆம் இலக்கத் துணியில் மட்டும் பொலியெஸ்டரும் அக்ரிலிக்கும் இல்லாமல் பட்டும் விஸ்கோசும் இடம்பெறும். பட்டுச் சேலைகளுக்குச் சாயமிடுகிறவர் 1ஆம் இலக்கத்தைத் தேடி வாங்குவது நல்லது. மற்ற எல்லாருக்கும் பொதுவாக டீ.டபிள்யூ. போதும்.

வகைகளுக்கிடையில் தெரிவு செய்யும்போது வெப்பநிலையையும் கருத்தில் கொள்ள வேண்டும். கம்பளி, காரம் கலந்த கொதிநீரைத் தாங்காது. எனவே 40, 50 பாகைச் சோதனைகளுக்கும் 60 பாகைச் சோதனைகளில் சிலவற்றுக்கும் டீ.டபிள்யூ. துணியும், அதற்கு மேற்பட்ட வெப்பநிலைகளுக்கு டீ.வீ. துணியும் பயன்படுத்தப்படுகின்றன.

வெட்டுதலும் பாதுகாத்தலும்

துணியைப் பட்டைகளுக்குக் குறுக்காக, 40 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் நீளமும் உள்ள துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஆறு பட்டைகளும் முழுமையாக இருக்க வேண்டும். எந்த ஓரம் எது என்பதில் குழப்பம் வந்தால், சற்று மஞ்சள் கலந்த வெண்மையுடன் பஞ்சுபோல் இருக்கும் ஓரப் பட்டை கம்பளி, அதற்கு எதிர் ஓரத்தில் பளபளப்பாக இருப்பது அசிடேட் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடையாளமிடுவதற்குப் பென்சிலையோ ஓரத்தில் ஒரு சிறு வெட்டையோ பயன்படுத்துங்கள், ஏனெனில் பேனா மை சோதனைத் திரவத்தில் கரைந்து தானே ஒரு கறையாகிவிடும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைக் கொண்டு எந்தக் கறையையும் துடைக்க முயலாதீர்கள். அசிடேட் பட்டை கரைந்துபோகும். குளோரின் வெளுப்பானும் ஆகாது, அது கம்பளியைத் தின்றுவிடும்.

மலையகத்தின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிப்பது இயல்பு. கம்பளிப் பட்டையைப் பூச்சியும் அரிக்கும். ஆகவே துணியை ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில், வெளிச்சம் படாமல், முக்கியமாகச் சாயத்தூள் நிறுக்கும் மேசைக்கு அப்பால் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் விழுந்த தூள், நீர் பட்டவுடன் புள்ளியாக விரியும்.

சலவைச் சோதனை

சோதிக்க வேண்டிய துணியிலிருந்தும் 40 க்கு 100 மில்லிமீற்றர் துண்டொன்றை வெட்டி, அதன் முகப்பக்கம் மல்டிபைபரின் மேல் படியும்படி வைத்து, குறுகிய ஓரங்களில் ஒன்றில் மட்டும் தைக்க வேண்டும். நாற்புறமும் தைத்தால் திரவம் இடையில் ஓடாது. தையல் நூல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பல நிறங்கள் உள்ள துணியில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். பத்திக் துணியின் ஒரு மூலையை வெட்டித் தைத்தால், சிவப்பு பருத்திப் பட்டையிலும் நீலம் கம்பளிப் பட்டையிலும் மட்டுமே படும். சிவப்பு கம்பளியை என்ன செய்யும் என்பது தெரியாமலே போய்விடும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு பட்டையையும் தொட வேண்டும். கோடுள்ள துணியானால் கோடுகள் பட்டைகளுக்குக் குறுக்கே செல்லும்படி வெட்டினால் இது எளிதில் கைகூடும். பூவேலையானால் நிறத்துக்கு ஒரு துண்டாகத் தனித்தனியே சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூலைச் சோதிப்பதானால், அதை இணையாகச் சீவிப் பரப்பி, ஒருபுறம் மல்டிபைபரும் மறுபுறம் சாயமேறாத பொலிபுரொப்பிலீன் துணியும் வைத்துத் தைக்க வேண்டும். நூலின் நிறை அவ்விரு துணிகளினதும் கூட்டு நிறையில் ஏறத்தாழ பாதியாக இருக்க வேண்டும்.

வீட்டுச் சலவையைப் போலச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 105 சி06 முறையில் அதிகம் வழங்குவது ஏ1எஸ் எனப்படும் சோதனை. லீற்றருக்கு 4 கிராம் சலவைப்பொருள் கரைத்த நீரில் 150 மில்லிலீற்றரை எஃகுக் கலனில் ஊற்றி, 10 எஃகுக் குண்டுகளோடு 40 பாகை செல்சியசில் 30 நிமிடம் சுழற்றுவார்கள். குண்டுகளின் விட்டம் 6 மில்லிமீற்றர். கலன்கள் நிமிடத்துக்கு 40 தடவை சுழலும். இது ஏறத்தாழ ஒரு தடவை துவைப்பதற்குச் சமம். பின்னர் 40 பாகை வெப்பமுள்ள நீர் 100 மில்லிலீற்றரில் ஒரு நிமிடமாக இருமுறை அலசி, தையல் ஓரத்தைத் தவிர வேறெங்கும் இரு துணிகளும் தொடாதபடி விரித்து, 60 பாகைக்கு மேற்படாத காற்றில் உலர்த்த வேண்டும்.

சுழற்றும் இயந்திரம் இல்லாதவர் இறுக மூடக்கூடிய கண்ணாடிப் போத்தலை வெந்நீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி, வெப்பமானியைப் பார்த்து 40 பாகையில் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை மாறாமல் குலுக்கலாம். குண்டுகளுக்குச் சைக்கிள் கடையில் கிடைக்கும் கால் அங்குலக் குண்டுகள் அளவில் நெருங்கிவரும், எனினும் அவை துருப்பிடிப்பவை. தேயிலை, கடுக்காய் போன்ற தனின் நிறைந்த பொருள்களால் சாயமிட்ட துணியில் இரும்பு பட்டால் நிறம் கறுக்கும், சோதனையும் கெடும். ஆகவே துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகளையே தேடுங்கள்; கிடைக்காவிட்டால் குண்டில்லாமல் குலுக்கி, எல்லாச் சோதனைகளையும் அப்படியே செய்யுங்கள். இவ்வாறு கிடைக்கும் முடிவை ஆய்வகச் சான்றிதழோடு ஒப்பிட முடியாது. ஆனால் உங்கள் பட்டறையின் நேற்றைய துணியோடு இன்றைய துணியை ஒப்பிடுவதற்கு அது முற்றிலும் போதுமானது, நிலைமைகளை மாற்றாமல் வைத்திருந்தால்.

மலையக ஊற்று நீரும் பீலித் தண்ணீரும் பொதுவாக மென்னீர். சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் யாழ்ப்பாணக் கிணற்று நீரோ கடினமானது. அதில் சவர்க்காரம் படிவாகித் துணியில் சாம்பல் படலமாக ஒட்டும். எனவே வாடிக்கையாளர் எந்த ஊரவர் என்றாலும் முடிவு மாறாதிருக்க, சோதனைக்குக் காய்ச்சி வடித்த நீரை, அதாவது வாகனத் திருத்தகங்களில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் நீரைப் பயன்படுத்துவது நல்லது.

சலவைப்பொருளிலும் ஒரு பொறி உண்டு. கடையில் வாங்கும் சலவைத்தூள்களில் பெரும்பாலானவற்றில் துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் கலந்திருக்கும். அவை பருத்திப் பட்டையில் ஏறி நீலம் கலந்த வெண்மையைத் தந்து, அங்கே படிந்துள்ள இளமஞ்சள் கறையை மறைத்துவிடும். தரக்கட்டளை குறிப்பிடும் சலவைப்பொருளில் இந்த ஒளிர்பொருள் இருக்காது. அது கிடைக்காவிட்டால் சாதாரண வெண்சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்துப் பயன்படுத்துங்கள். எதைப் பயன்படுத்தினாலும், சாயமிடாத வெள்ளைத் துணியொன்றைத் தைத்த மல்டிபைபர் துண்டையும் அதே திரவத்தில் தனியே சோதித்து வையுங்கள். சோதனைத் துண்டின் பட்டைகளைப் புதுத்துணியோடு ஒப்பிடாமல் இந்த வெற்றுத் துண்டோடு ஒப்பிட்டால், சலவைப்பொருள் செய்த மாற்றமும் சாயம் செய்த மாற்றமும் கலந்துபோகா.

பட்டைகளை வாசித்தல்

உலர்ந்த துண்டைக் கையில் எடுத்ததும், மிக அடர்த்தியாகக் கறைபட்ட பட்டை எது என்று தேடுவதே வழக்கம். அநேகமாக அது நைலோனாக இருக்கும். நைலோன் அமிலச் சாயத்தையும் ஏற்கும், சிதறல் சாயத்தையும் ஏற்கும், நேர்ச் சாயத்தையும் ஓரளவு ஏற்கும்; ஆகவே நைலோன் மட்டும் சொல்லும் சாட்சி அதிகம் பயன்படாது. அதற்குத் துணையாக வேறெந்தப் பட்டை கறைபட்டது என்று பார்க்க வேண்டும்.

நைலோனோடு கம்பளியும் சேர்ந்து நிறமேறி, பருத்தி ஏறத்தாழ வெள்ளையாகவே இருந்தால், வெளியேறியது அமிலச் சாயம். கம்பளி, பட்டு, நைலோன் ஆகியவற்றுக்கு இடப்படும் சாயம் அது. மிகை அமிலத்தோடு வேகமாகச் சாயமேற்றி நன்கு அலசாமல் விட்டால் இவ்வாறு வரும்.

நைலோனோடு அசிடேட்டும் சேர்ந்து கறைபட்டால், பொலியெஸ்டருக்கு இடப்படும் சிதறல் சாயம் என்று கொள்ளலாம். இங்கே புதியவர்கள் ஏமாறுவதுண்டு: பொலியெஸ்டர் சேலையிலிருந்து வெளியேறிய சாயம் பொலியெஸ்டர் பட்டையில்தான் தெரியும் என்று எதிர்பார்த்து, அது வெள்ளையாக இருப்பதைக் கண்டு சேலை தேறிவிட்டது என்று முடிவுசெய்கின்றனர். பொலியெஸ்டரின் உட்கட்டமைப்பு இறுக்கமானது. 40, 60 பாகைகளில் அது சாயத்தை உள்ளே விடாது. அசிடேட்டோ இளஞ்சூட்டிலேயே விட்டுவிடும். சிதறல் சாயங்கள் 1920களின் முற்பகுதியில் உருவாக்கப்பட்டதே அசிடேட்டுக்காகத்தான், பொலியெஸ்டர் அப்போது பிறக்கவேயில்லை. இன்று எங்கள் பக்கத்தில் அசிடேட் உடுப்பு அணிபவர் அரிது என்றாலும் இப்பட்டையைச் சோதனைத் துணியில் வைத்திருப்பதற்குப் போதிய காரணம் இது ஒன்றே. சிதறல் சாயமிட்ட துணியைச் சூட்டில் அழுத்தும்போது உள்ளிருக்கும் சாயம் மேற்பரப்புக்கு நகர்வதால், இஸ்திரி போடுவதற்கு முன்பு சோதித்துப் பெற்ற நல்ல முடிவை நம்பாமல், முடித்த துணியையே சோதியுங்கள்.

பருத்திப் பட்டை தெளிவாகக் கறைபட்டு அசிடேட், பொலியெஸ்டர், அக்ரிலிக் ஆகியவை வெள்ளையாக நின்றால், அது வேதிப்பிணைப்பின்றிப் பருத்தியில் நேரடியாக ஏறும் நேர்ச் சாயமாகவோ, இழையோடு வேதிமுறையில் பிணைய வேண்டியிருந்தும் பிணையத் தவறிய வினைச் சாயமாகவோ இருக்கும். டீ.வீ. துணியில் விஸ்கோசும் பருத்தியோடு சேர்ந்து கறைபடும். நேர்ச் சாயத்தையும் வினைச் சாயத்தையும் பிரித்தறிவது முக்கியம், ஏனெனில் பரிகாரம் வேறு. துணியைக் கொதிநிலைக்கு அண்மையான சவர்க்கார நீரில் நன்றாக அலசி, மறுபடி புதிய மல்டிபைபரோடு சோதியுங்கள். கறை பெருமளவு குறைந்தால், பிணையாமல் இழையில் தங்கியிருந்த வினைச் சாயமே காரணம்; இன்னும் ஓரிரு முறை சூடாக அலசினால் குறை தீரும். ஒவ்வொரு சோதனையிலும் அதே அளவில் கறை தொடர்ந்தால் அது நேர்ச் சாயம். எவ்வளவு அலசினாலும் துணி வெளிறுமேயன்றிச் சாயம் விடுவது நிற்காது. அதற்கு நேர்மின்னேற்றமுள்ள நிலைப்பூட்டும் பொருளால் பின்சிகிச்சை செய்யலாம், ஆனால் சில சாயங்களில் இது வெயிலில் நிறம் மங்குவதை விரைவாக்கும்.

அக்ரிலிக் பட்டை பளிச்சென்று நிறமேறினால் காரச் சாயம் என்று ஐயப்படலாம். ஸ்வெட்டர், மலிவான கம்பளிப் போர்வை என்ற பெயரில் விற்கப்படும் அக்ரிலிக் போர்வை ஆகியவற்றுக்கு இடும் சாயம் இது. அக்ரிலிக்கும் சூடேறினால்தான் இடம் கொடுக்கும் இழை, எனவே 40 பாகைச் சோதனையில் அது மெலிதாகவே கறைபடலாம். அந்த மெல்லிய கறையையும் பொருட்படுத்த வேண்டும்.

எல்லாப் பட்டைகளும் வேறுபாடின்றி ஒரே மங்கலாகப் படிந்திருந்தால், அல்லது பொட்டுப்பொட்டாகத் தெரிந்தால், கரைந்த சாயத்தை இழைகள் ஏற்றதால் வந்த கறை அன்று. கரையாத நிறத்துகள்கள் உதிர்ந்து ஒட்டியிருக்கின்றன. நாப்தோல் சாயமிட்ட பத்திக் துணியிலும், அவுரி நீலத்திலும், பசை கொண்டு அச்சிட்ட நிறமிகளிலும் இது காணப்படும். இத்துணிகளுக்கு மல்டிபைபர் சோதனையைவிட, வெள்ளைப் பருத்தித் துணியை உலர்வாகவும் ஈரமாகவும் பத்துத் தடவை தேய்த்துப் பார்க்கும் உராய்வுச் சோதனையே அதிகம் சொல்லும்.

கலப்புச் சாயங்களில் மல்டிபைபர் ஒரு சல்லடையாகவே வேலை செய்கிறது. பொலியெஸ்டரும் பருத்தியும் கலந்த பச்சைத் துணியொன்று அசிடேட் பட்டையில் நீலமும் பருத்திப் பட்டையில் மஞ்சளும் விட்டால், பொலியெஸ்டர் பகுதிக்கு இட்ட நீலச் சிதறல் சாயமும் பருத்திப் பகுதிக்கு இட்ட மஞ்சளும் தனித்தனியே வெளியேறியுள்ளன என்று பொருள். எந்தப் பட்டையில் கறை பெரிதோ அந்தச் சாயத்தை முதலில் திருத்துங்கள்.

இயற்கைச் சாயங்களும் தமக்கே உரிய ஒழுங்கில் கறைபடும். தேயிலைச் சாயத்தண்ணியில் நிறமேற்றிய துணி கம்பளியையும் நைலோனையும் பழுப்பாக்கும். பருத்தியில் மெலிதாகவே படியும். மஞ்சளின் நிறப்பொருள் பருத்தியில் நேராக ஏறும், காரத்தில் செங்கபிலமாக மாறும். ஆகவே மஞ்சளிட்ட துணியைச் சவர்க்காரத்தில் சோதித்தபின் பட்டைகளைச் சிறிது வினாகிரி கலந்த நீரில் நனைத்தெடுத்தே நிறத்தை மதிப்பிட வேண்டும். மஞ்சள் வெயிலில் மங்கும் வேகத்தை எந்தச் சலவைச் சோதனையும் காட்டாது.

தரம் இடுதல்

கறையின் அளவைச் சொல்வதற்கு ஐ.எஸ்.ஓ. 105 ஏ03 சாம்பல் அளவுகோல் பயன்படுகிறது. இதில் வெள்ளையும் வெள்ளையும் இணைந்த சோடி 5ஆம் தரம், வெள்ளையும் அடர்சாம்பலும் இணைந்த சோடி 1ஆம் தரம். அரைத்தரங்களையும் சேர்த்து மொத்தம் 9 படிகள். வெற்றுத் துண்டின் பட்டைக்கும் சோதனைத் துண்டின் அதே பட்டைக்கும் இடையிலான வேறுபாடு அளவுகோலின் எந்தச் சோடியின் வேறுபாட்டுக்குச் சமமோ, அதுவே அப்பட்டையின் தரம். ஒவ்வொரு முழுத்தரம் இறங்கும்போதும் வேறுபாடு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பதால், 4 க்கும் 3 க்கும் இடையிலுள்ள தூரத்தைவிட 3 க்கும் 2 க்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. மூலத்துணியின் நிறம் எவ்வளவு மாறியது என்பதற்கு ஏ02 என்ற வேறொரு அளவுகோல் உண்டு. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தலாகாது.

ஆறு பட்டைகளின் தரங்களையும் கூட்டிச் சராசரி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது முற்றிலும் தவறு. ஐந்து பட்டைகள் 5 ஆகவும் நைலோன் 2 ஆகவும் இருந்தால் சராசரி 4.5 வரும்; அந்தத் துணிக்கு வெள்ளை நைலோன் ஓரம் வைத்துத் தைத்தவர் முதற்சலவையிலேயே அதன் பலனைக் காண்பார். ஆறு தரங்களையும் தனித்தனியே எழுதுங்கள். பின்னர் அத்துணி எவற்றோடு துவைக்கப்படும் என்று யோசித்து, அதற்குரிய பட்டையைக் கவனியுங்கள். சீருடைகளோடு போகும் துணியில் பருத்தியும் பொலியெஸ்டரும், குளிருடைகளோடு போகும் துணியில் அக்ரிலிக்கும் கம்பளியும் முதன்மை பெறும். ஏற்றுமதி வாங்குநர்கள் பொதுவாக 3-4 அல்லது 4க்குக் குறையாத தரத்தை எல்லாப் பட்டைகளிலும் கேட்பர்.

பார்வையிடும் வெளிச்சமும் முக்கியம். மின்குமிழின் மஞ்சள் வெளிச்சத்தில் இளமஞ்சள் கறை தெரியவே தெரியாது. ஒளிப்பெட்டி இல்லாதவர் நண்பகலை அண்மித்த நேரத்தில், நேர்வெயில் விழாத வடக்கு யன்னலருகே, சாம்பல்நிற அட்டையின் மேல் துண்டுகளை வைத்துப் பார்க்கலாம். மூட்டமான மலையக நாளொன்றின் பரவலான வெளிச்சம் இதற்குச் சாதகமானதே. நிறப்பூச்சுள்ள சுவரும், அணிந்திருக்கும் சிவப்புச் சட்டையும் கூட வெண்பட்டையில் பிரதிபலிக்கும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஈரத்தில் கிடக்கும் துணி

தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் துவைத்த துணி காய்வதற்கு நாட்கணக்காகும். லயத்துக் கூரையின்கீழ் கொடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் இந்த நிலை வடகீழ்ப் பருவத்தில் வரும். 30 நிமிடச் சலவைச் சோதனையில் தேறிய துணி இந்த ஈரத் தொடுகையில் தோற்பது சாதாரணம். எனவே எங்கள் சூழலில் சலவைச் சோதனையைவிட நீர்ச் சோதனைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

ஐ.எஸ்.ஓ. 105 இன் இ01 நீர்ச் சோதனையிலும் இ04 வியர்வைச் சோதனையிலும் செய்முறை ஏறத்தாழ ஒன்றே. தைத்த துண்டை நீரில் அல்லது வியர்வைக் கரைசலில் முழுமையாக நனைத்து, மிகைத் திரவத்தை வழித்துவிட்டு, இரு தட்டுகளுக்கிடையில் 12.5 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், 37 பாகையில், 4 மணிநேரம் வைக்க வேண்டும். வியர்வைக்கு அமிலக் கரைசல், காரக் கரைசல் என்ற இரண்டும் தனித்தனியே சோதிக்கப்படும், முதலாவதன் பீ.எச். 5.5, இரண்டாவதன் பீ.எச். 8. இந்த அழுத்தத்தைப் பட்டறையில் உண்டாக்குவது கடினமன்று. 40 க்கு 100 மில்லிமீற்றர் துண்டின்மேல் ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறை அமர்ந்தால் அதுவே 12.5 கிலோபாஸ்கல், இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கிடையில் துண்டை வைத்து, மேலே 5 லீற்றர் தண்ணீர்க் கலனை நிறுத்தினால் கணக்குச் சரியாகும். வெப்பத்துக்கு வெந்நீர்ப் போத்தல்களோடு ஒரு ரெஜிபோம் பெட்டியும் வெப்பமானியும் தேவை, ஏனெனில் நுவரெலியாவின் அறை வெப்பம் இதற்கு அருகிலும் வராது. துண்டின் ஓரம் இடையில் காய்ந்துவிட்டால் அந்தச் சோதனையை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். காயும் ஓரத்தை நோக்கிச் சாயம் நகர்ந்து பொய்க்கறை உண்டாக்கும்.

இதற்கு மேலாக, தரக்கட்டளையில் இல்லாத ஒரு சோதனையையும் பரிந்துரைக்கிறேன். சலவைச் சோதனை முடிந்த வேறொரு துண்டை அலசாமல், பிழியாமல், மல்டிபைபரோடு சேர்த்துச் சுருட்டி, மூடிய டப்பாவில் அறை வெப்பத்திலேயே இரவு முழுவதும் விட்டுவையுங்கள். இதில் வரும் தரத்தை எவருக்கும் சான்றாகக் காட்ட முடியாது என்றாலும், இரு சாயங்களில் எதை மழைக்காலத்துக்குத் தைக்கும் துணிக்குத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

பெயர் தெரியாத சாயத்தூளை இனங்காணுதல்

பொட்டலத்தில் பெயரில்லாமல் வரும் தூளுக்கும் மல்டிபைபர் உதவும். இங்கே கறையைப் பார்ப்பதற்குப் பதிலாகத் துணியையே சாயத்தில் இடுகிறோம். முகமூடி அணிந்து, 1 கிராம் தூளை 1 லீற்றர் சுடுநீரில் கரையுங்கள். வினைச் சாயத் தூள் சுவாச ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் முகமூடி விடயத்தில் சலுகை வேண்டாம். இக்கரைசலில் 25 மில்லிலீற்றரை 75 மில்லிலீற்றர் நீரோடு கலந்து, இவ்வாறே மூன்று பாத்திரங்களில் தனித்தனியே எடுங்கள். முதலாவதில் 1 கிராம் உப்பும் இரண்டாவதில் 5 மில்லிலீற்றர் வினாகிரியும் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மல்டிபைபர் துண்டைப் போட்டு, மெல்லச் சூடாக்கிக் கொதிக்கும் தறுவாயில் அரைமணிநேரம் வைத்திருங்கள். மூன்றாவதை 60 பாகைக்கு மேல் சூடாக்காமல், உப்போடு தொடங்கி 20 நிமிடத்தின் பின் 1 கிராம் சலவைச் சோடாவைச் சேர்த்து, மேலும் 30 நிமிடம் விடுங்கள். காரம் கலந்தபின் சூடு கூடினால் கம்பளியும் அசிடேட்டும் பழுதாகும்.

உப்பு நீரில் பருத்தி அடர்த்தியாக நிறமேறினால் நேர்ச் சாயம். வினாகிரி நீரில் கம்பளியும் நைலோனும் அடர்ந்து பருத்தி வெளிறி நின்றால் அமிலச் சாயம். சோடா சேர்த்த துண்டின் பருத்திப் பட்டையை மட்டும் வெட்டியெடுத்துச் சவர்க்கார நீரில் கொதிக்கவிட்டும் நிறம் நிலைத்தால் வினைச் சாயம். அக்ரிலிக் ஒளிர்ந்தால் காரச் சாயம். அசிடேட்டும் நைலோனும் நிறமேறிப் பருத்தி வெள்ளையாக நின்றால் சிதறல் சாயம். உப்பு நீரில் பருத்தியும் வினாகிரி நீரில் கம்பளியும் ஒருங்கே நிறமேறினால், எல்லாத் துணிக்கும் ஏற்றது என்று விற்கப்படும் கலவைத் தூளாக இருக்கக்கூடும். அவற்றில் பொதுவாக நேர்ச் சாயமும் அமிலச் சாயமும் கலந்திருக்கும், ஆகவே எந்தத் துணியில் இட்டாலும் அதன் ஒரு பகுதி வீணாகச் சாக்கடைக்குப் போகும்.

பொலியெஸ்டர் பட்டை வெளிறியிருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகை அளவில் கொதித்துவிடும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ஏறத்தாழ 96 பாகை. தொழிற்சாலைகளில் பொலியெஸ்டருக்கு அழுத்தக் கலன்களில் 130 பாகையளவில் சாயமேற்றுகிறார்கள். கொழும்பில் திறந்த பாத்திரத்தில் இளநிறமாவது ஏறும் சாயம் இங்கே அதனிலும் குறைவாகவே ஏறும். அதே காரணத்தால் 95 பாகைச் சலவைச் சோதனைகளையும் நுவரெலியாவில் மூடிய கலனில்லாமல் செய்ய இயலாது.

ஒவ்வொரு சோதனை முடிந்ததும் மூலத்துணியையும் மல்டிபைபர் துண்டையும் வெள்ளை அட்டையில் அருகருகே ஒட்டி, திகதி, சாயத்தின் பெயரும் தொகுதி இலக்கமும், வெப்பநிலை, நேரம், சலவைப்பொருள், ஆறு தரங்கள் ஆகியவற்றை எழுதி, வெளிச்சம் படாத கோப்பில் வையுங்கள். ஏற்றுமதிக்கோ அரச கேள்விமனுவுக்கோ சான்றிதழ் தேவைப்படும்போது, இலங்கைத் தரக்கட்டளைகள் நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற கொழும்பிலுள்ள ஆய்வகங்களுக்குத் துணியை அனுப்பலாம். வாங்குநர் கேட்பது சி06 ஆ, இ04 ஆ, எந்த வெப்பநிலை, எந்த வகை மல்டிபைபர் என்பவற்றை முன்கூட்டியே கேட்டு விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். பல நிறமுள்ள துணியானால் எந்த நிறங்கள் சோதிக்கப்பட வேண்டும் என்பதையும் மாதிரியிலேயே பென்சிலால் வட்டமிட்டு அனுப்புங்கள்.